இதயத்தின் பக்கத்தில் ஒரு நீர்ப்பை: வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

சில வாரங்களுக்கு முன், நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தை ஒட்டித் தெரிந்த நீர்க்கட்டி ஒன்றைப் பற்றி இப்பகுதியில் நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்பதை அதன் பிறகு வந்த கடிதங்கள் உணர்த்தின. ஹட்டன், நானுஓயா, பதுளை, பண்டாரவளை, தலவாக்கலை என்று பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கித் தந்து, இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரே விடயத்துக்கு ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி: எனக்கு வயது 27. வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்தபோது, எக்ஸ்ரேயில் இதயத்தின் வலப்பக்கத்தில் நிழல் ஒன்று தெரிவதாகக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில், இதய உறையில் 4 சென்ரிமீற்றர் அளவான நீர்க்கட்டி இருப்பதாக எழுதியுள்ளார்கள். எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் லயத்தில் சிலர் இதயத்தில் ஓட்டை என்கிறார்கள், சிலர் புற்றுநோய் என்கிறார்கள். இதை உடனே வெட்டி எடுக்க வேண்டுமா?

லயத்துப் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பது இதயத்தில் உள்ள நோயும் அல்ல, புற்றுநோயும் அல்ல. இதயம் ஓர் இரட்டைச் சவ்வுறைக்குள் இருந்து துடிக்கிறது. கருவில் குழந்தை உருவாகும்போது இந்த உறை ஒரே பையாகத் தோன்றுவதில்லை. மழைக்குப் பின் தேங்கும் சிறு சிறு குட்டைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே குளமாவதைப் போல, பல சிறு இடைவெளிகள் சேர்ந்துதான் அது உருவாகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். அவற்றில் ஒன்று சேராமல் தனித்து நின்றுவிட்டால், பின்னாளில் அது நீர்ப்பையாகத் தெரிகிறது. ஆகவே, பெரும்பாலும் இது நீங்கள் பிறந்த நாளிலிருந்தே உங்களோடு இருந்துவந்த ஒன்றுதான். மெல்லிய சுவருக்குள் தெளிந்த நீர், அவ்வளவுதான். ஊற்றுத் தண்ணீர்க் கட்டி என்று மருத்துவ நூல்களில் இதற்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு. நம் பக்கத்து ஆட்களுக்குப் பீலித் தண்ணீர் என்றால் இன்னும் எளிதாக விளங்கும்.

இது அரிதான ஒன்று. ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குக் காணப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தில் ஏழு பேருக்கு, உங்களுக்கு இருப்பதைப் போலவே, வலப்பக்கத்தில் இதயமும் உதரவிதானமும் சந்திக்கும் மூலையில்தான் இருக்கும். பாடசாலை நூலில் பிரிமென்றகடு என்று படித்திருப்பீர்களே, அதுதான் உதரவிதானம். பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. காசநோய்ப் பரிசோதனைக்கோ வேலைக்கான மெடிக்கலுக்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத்தான் இது வெளிப்படுகிறது.

ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து இதனை நீர்க்கட்டி என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதே மூலையில் கொழுப்புத் திரண்டிருந்தாலும், உதரவிதானத்தில் உள்ள ஓர் இடைவெளியின் ஊடாக வயிற்றுக் கொழுப்போ குடலோ மேலே ஏறியிருந்தாலும், நிணநீர்க் கணு வீங்கியிருந்தாலும், அரிதாக உண்மையான கட்டியே இருந்தாலும் நிழல் ஒரே மாதிரித்தான் விழும். சி.டி. ஸ்கேன் அந்த நிழலின் அடர்த்தியை அளந்து, உள்ளே இருப்பது நீரா சதையா கொழுப்பா என்று பிரித்துக் காட்டுகிறது. அதிலும் ஐயம் மிஞ்சினால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும். இதயத்தைக் கட்டி அழுத்துகிறதா என்பதை, ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை காட்டும். உங்கள் கடிதத்தில் எக்கோ எடுத்ததாக ஒரு குறிப்பும் இல்லை. இன்னும் எடுக்கவில்லையென்றால் அதுதான் உங்களுடைய அடுத்த வேலை.

வெட்டி எடுக்க வேண்டுமா என்றால், அறிகுறி எதுவும் இல்லாமல், ஸ்கேனில் தெளிவான நீர்க்கட்டியாகத் தெரிந்து, எக்கோவில் இதயத்தின் மீது அழுத்தமும் இல்லையெனில், வழக்கமாக நாங்கள் அதைத் தொடுவதில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத இருமல் ஆகியவற்றுக்கு அதுவே காரணமாக இருந்தால், அல்லது அது வளர்ந்துகொண்டே போனால், இதயத்தையோ பெரிய இரத்தக் குழாய்களையோ அழுத்தினால், அது நீர்க்கட்டிதானா என்ற ஐயம் தீராமல் இருந்தால், அப்போதுதான் சத்திரசிகிச்சை என்ற பேச்சு வருகிறது. இப்போது நுண்துளை முறையில் சிறு வெட்டுகளோடு முடித்துவிடலாம் என்பது உண்மைதான். எனினும், வெட்டு சிறியது என்பது வெட்டுவதற்கான காரணம் ஆகாது. இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அண்மைக் காலத்தில் "சின்ன ஒப்பரேஷன்தானே டொக்டர், எடுத்தே விடுவோமே" என்று தேவையற்ற சத்திரசிகிச்சையைத் தாமாகவே கேட்டு வருபவர்கள் அதிகரித்திருப்பதுதான்.

வேலை விடயத்தில், தகுதியா தகுதியில்லையா என்ற முடிவு அந்தந்த நாட்டின் விதிகளைப் பொறுத்தது. மார்பறைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் ஸ்கேனையும் எக்கோவையும் காட்டி, இது தொற்றாத, புற்றுநோயல்லாத நீர்க்கட்டி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சிக்காரருக்காக மட்டும் நெஞ்சில் கத்தி வைக்க வேண்டாம்.

நானுஓயாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: எனக்கும் அதே நீர்க்கட்டி, 3 சென்ரிமீற்றர். ஒன்றும் செய்ய வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி வைத்தியமாகும்? நெஞ்சுக்குள் அது வெடித்துவிடாதா?

ஐயா, கவனித்துவருவதும் ஒரு வைத்தியம்தான். அதற்கும் முறை உண்டு. முதலாவது பரிசோதனை ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ நடக்கும். மாற்றம் எதுவும் இல்லையென்றால் அதன்பின் ஒன்றிரண்டு வருட இடைவெளி போதும். எக்கோவில் தெளிவாகத் தெரியும் கட்டியாக இருந்தால் கதிர்வீச்சும் இல்லை. வெடிப்பது, உள்ளே இரத்தம் கசிவது, கிருமி தொற்றுவது எல்லாம் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருப்பவைதான். ஆனால் அவை மிக அரிது. தானாகவே சுருங்கி மறைந்த கட்டிகளும் பதிவாகியுள்ளன.

இந்த இடத்தில் உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறொன்று. உங்கள் பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், இதயத்தின் பக்கத்தில் நிழல் என்ற குறிப்புடன் என்னிடம் வந்தார். முன்பு எப்போதாவது நெஞ்சுப் படம் எடுத்ததுண்டா என்று கேட்டதற்கு, காசநோய்ச் சோதனைக்கு ஒன்று எடுத்தது சாமிப்படத்துக்குப் பின்னால் கிடக்கும் என்றார். அடுத்த கிளினிக்குக்கு அவருடைய மருமகள் அதை உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அடுப்புப் புகை படிந்து ஓரமெல்லாம் பழுப்பேறி, சுருண்டு, ஒரு மூலையில் குங்குமமும் ஒட்டியிருந்த படம். வெளிச்சப் பெட்டியில் அதையும் புதிய படத்தையும் அருகருகே பொருத்திப் பார்த்தோம். அதே மூலையில், அதே முட்டை வடிவில், அதே அளவில் அந்த நிழல் ஒன்பது வருடங்களாக அங்கேயே இருந்திருக்கிறது. புற்றுநோய்க் கட்டி ஒன்பது வருடம் அப்படி அசையாமல் உட்கார்ந்திருக்காது. அன்று அந்தப் பழுப்பேறிய படம் தந்த தெளிவை வேறு எந்தப் பரிசோதனையும் அவ்வளவு விரைவாகத் தந்திருக்காது. அடையாளத்தை உறுதி செய்ய ஸ்கேன் ஒன்றும் எடுத்தோம். ஆனால் அவசரம் போய்விட்டது, பெரியவரின் முகத்திலிருந்த பயமும் போய்விட்டது.

இதற்கு நேர்மாறாக, பழைய படத்தைச் சூரிய கிரகணம் பார்ப்பதற்கென்று பிள்ளைகள் வெட்டிவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. கண்ணுக்கும் கேடு, சாட்சியும் போயிற்று. படங்களைச் சுருட்டாமல் மட்டமாக, அடுப்படியிலிருந்து தள்ளி, திகதி தெரியும்படி உறையிலிட்டு வையுங்கள். இப்போது இறுவட்டில் தருகிறார்கள் என்றால் அதையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கவனித்துவரும் வைத்தியம் இந்த மலைகளில் தோற்றுப்போவது பெரும்பாலும் கட்டியினால் அல்ல. கிளினிக் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, போய்விடும் என்று இரண்டாம் வருடத்திலிருந்து போகாமல் விடுவதாலும், போகும்போது பழைய படம் கையில் இல்லாததாலும்தான். ஆசிரியராக இருந்த உங்களுக்கு வரவுப் பதிவேட்டின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

பதுளைப் பகுதியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு வயது 52, கொழுந்து பறிப்பவர். ஒரு வருடமாக மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது, படுத்தால் நெஞ்சில் ஏதோ அழுத்துவதைப் போல் இருக்கிறது என்கிறார். 9 சென்ரிமீற்றர் நீர்க்கட்டி இதயத்தின் வலப்பக்கத்தை அழுத்துவதாகக் கண்டறிந்து, கமெரா வைத்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு எழுதியிருக்கிறார்கள். நெஞ்சைப் பிளப்பார்களா? இதயத்தை நிறுத்துவார்களா? அம்மா இரவில் தூங்குவதே இல்லை.

நெஞ்செலும்பைப் பிளக்க மாட்டார்கள், இதயத்தையும் நிறுத்த மாட்டார்கள். அம்மாவுக்கு இதை இன்றே சொல்லிவிடுங்கள். கட்டி இருப்பது இதய உறையின் வெளிப்புறத்தில். ஆகையால் இதயம் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் வேலை நடக்கும்.

முழு மயக்கத்தில், கட்டி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். மூச்சுக்குழாய்க்குள் இரட்டைக் குழல் ஒன்றை இறக்கி, மறுபக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றுச் செலுத்துவார் மயக்கமருந்து நிபுணர். அப்போது கட்டி உள்ள பக்கத்து நுரையீரல் காற்றுப் போன பலூனைப் போல் சுருங்கி, வேலை செய்ய இடம் விடும். பிறகு விலா எலும்புகளுக்கு இடையில் இரண்டு அல்லது மூன்று வெட்டுகள் போடுவார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 முதல் 2 சென்ரிமீற்றர், அதாவது விரல் நுழையும் அளவு. ஒன்றின் வழியே கமெரா, மற்றவற்றின் வழியே நீண்ட கைபிடி கொண்ட கருவிகள். திரையில் இதயம் துடிப்பது பெரிதாகத் தெரியும். அதன் பக்கத்தில், மெல்லிய பொலித்தீன் பையில் தண்ணீர் கட்டித் தொங்கவிட்டதைப் போல், ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டி அசைந்துகொண்டிருக்கும்.

இதய உறையின் மேல் நெடுக ஒரு வெள்ளை நூல் ஓடுவதும் அங்கே தெரியும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அது. இச்சத்திரசிகிச்சையின் நுட்பமெல்லாம் அந்த நூலைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது. அது சூடுபட்டாலோ அறுந்தாலோ அந்தப் பக்கத்து உதரவிதானம் மேலேறி அசையாமல் நின்றுவிடும். பிறகு மூச்சு வாங்குவது கட்டியினால் அல்ல, சத்திரசிகிச்சையினால் என்றாகிவிடும். அதனால் நரம்பின் அருகே மின்சூட்டுக் கருவியைப் பயன்படுத்தாமல் மெதுவாகப் பிரித்தெடுப்பார்கள். கட்டிச் சுவரின் ஒரு சிறு பகுதி நரம்போடு இறுக ஒட்டியிருந்தால், அதை அங்கேயே விட்டுவிடும் சத்திரசிகிச்சை நிபுணர் கெட்டிக்காரர் என்றே நான் சொல்வேன்.

9 சென்ரிமீற்றர் கட்டி விரலளவு துளையால் எப்படி வெளியே வரும் என்று நீங்கள் யோசிப்பீர்கள். உள்ளிருக்கும் நீரை ஊசியால் உறிஞ்சிவிட்டால் மிஞ்சுவது துவண்ட வெறும் பைதான். அதை ஒரு சிறு உறைக்குள் இட்டு வெளியே இழுத்துவிடலாம். கடைசியாக, நெஞ்சறையில் எஞ்சும் காற்றும் நீரும் வடிய ஒரு குழாயை வைத்து, சுருங்கிய நுரையீரலை மீண்டும் ஊத வைத்துத் தையல் போடுவார்கள். குழாயை வழக்கமாக ஓரிரு நாட்களில் எடுத்துவிடுவார்கள். சிக்கல் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலானோர் இரண்டு முதல் நான்கு நாட்களில் வீடு திரும்புகிறார்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் பழைய முறையில் விலா எலும்புகளை விரித்து நீண்ட வெட்டுப் போட வேண்டியிருந்தது. அந்த வலியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் ஒப்புதல் படிவத்தில், தேவைப்பட்டால் திறந்து செய்யச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரத்தக் கசிவோ, கட்டி எதிர்பாராத இடத்தில் ஒட்டியிருப்பதோ தெரிந்தால், துளையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளாமல் திறப்பதுதான் பாதுகாப்பு. காற்றுக் கசிவு, தொற்று, சில நாட்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்புவது ஆகியனவும் நேரக்கூடியவை. இவற்றைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னும் இரண்டு விடயங்கள். அம்மா வெற்றிலை போடுபவரா? நீண்ட காலம் பாக்கும் புகையிலையும் சேர்த்து மென்றவர்கள் சிலருக்கு வாயின் உட்புறம் இறுகி, வாய் முழுதாகத் திறக்காது. மேலே சொன்ன இரட்டைக் குழல் சாதாரணக் குழலை விடத் தடித்தது. வாய் திறக்காவிட்டால் அதை உள்ளே விடுவது பெரும் பாடாகிவிடும். ஆகவே மயக்கமருந்து நிபுணர் பார்க்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அடுத்தது இரத்தசோகை. தோட்டத்துப் பெண்களிடம் இதை அடிக்கடி காண்கிறோம். மலையில் மூச்சு வாங்குவதற்கு அதுவும் பங்காளியாக இருக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தத்தைப் பரிசோதித்துச் சரிசெய்துகொண்டால், குணமாவதும் விரைவாக நடக்கும்.

தலவாக்கலை வாசகர்: நீர்தானே இருக்கிறது, ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டால் ஆயிற்றே. எதற்குச் சத்திரசிகிச்சை?

நீரைச் சுரப்பது பையின் சுவர். சுவர் உள்ளே இருக்கும்வரை நீர் மீண்டும் சேரலாம். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவ்வாறு மீண்டும் சேர்வதாகக் கண்டிருக்கிறார்கள். மயக்க மருந்தைத் தாங்க முடியாத முதியவர்களுக்கும், கட்டி திடீரென இதயத்தை நெருக்கும் அவசரத்திலும் ஊசி முறை கைகொடுக்கும். ஆனால் எந்த நீர்க்கட்டியிலும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட முடியாது. நாய்களின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் நம் உடலுக்குள் போனாலும் நீர்க்கட்டி வளரும். ஈரலிலும் நுரையீரலிலும்தான் அது பெரும்பாலும் வருகிறது, இதயத்தருகே வருவது அபூர்வம். அதில் ஊசி குத்தி நீர் கசிந்தால், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். ஸ்கேனைப் பார்த்து, ஐயமிருந்தால் இரத்தத்தையும் சோதித்த பின்னரே ஊசியைக் கையிலெடுக்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தந்தை: என் 19 வயது மகனுக்கும் நெஞ்சின் நடுவில் நீர்க்கட்டி. அவனுக்கும் எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் அவனுக்கு எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். ஒருவருக்குப் பார்த்துக்கொண்டிருப்போம், மற்றவருக்கு வெட்டுவோம் என்றால் எதை நம்புவது?

அறிக்கையின் பிரதியை நீங்கள் அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் மகனுக்கு இருப்பது இதய உறையின் நீர்க்கட்டி அல்ல, மூச்சுக்குழாய் வழிவந்த நீர்க்கட்டி. கருவில் மூச்சுக்குழாய் கிளைவிடும்போது பிரிந்துபோன ஒரு மொட்டிலிருந்து அது தோன்றுகிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அருகில், இதயத்துக்குச் சற்று மேலேதான் அது பெரும்பாலும் காணப்படும். பெயரில் இரண்டும் நீர்க்கட்டிகள்தான். குணத்தில் வேறு.

இதன் சுவர் சளியைச் சுரக்கும். உள்ளே தெளிந்த நீர் இருப்பதில்லை, கோந்தைப் போன்ற கெட்டிச் சளிதான் இருக்கும். அதனால் சி.டி. ஸ்கேனில் சில வேளைகளில் சதைக் கட்டியைப் போலவே தோன்றி ஏமாற்றும். அது மூச்சுக்குழாயோடு தொடர்பு கொண்டால் கிருமி தொற்றிச் சீழ் பிடிக்கும், பெரிதானால் மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ நெருக்கும். இன்று அறிகுறி இல்லாதவர்களில் பலருக்குப் பின்னாளில் அறிகுறி தோன்றுகிறது. ஒரு முறை சீழ் பிடித்துவிட்டால் சுற்றியுள்ள எல்லாவற்றோடும் அது ஒட்டிக்கொள்ளும். அதன்பின் நுண்துளை முறையில் பிரித்தெடுப்பது கடினமாகி, நெஞ்சைத் திறக்க வேண்டிய நிலை வரலாம். இளம் வயதில், ஒட்டாமல் இருக்கும்போதே, சிறு வெட்டுகளோடு முழுமையாக எடுத்துவிடுவோம் என்று வைத்தியர்கள் சொல்வதன் நியாயம் இதுதான். முழுமையாக என்ற சொல் இங்கே முக்கியம். சுவரில் மிச்சம் இருந்தால் மீண்டும் வளரலாம். உங்கள் மகனின் வைத்தியர் சொல்வதோடு நான் உடன்படுகிறேன். பரீட்சை முடியும்வரை சில வாரங்கள் பொறுக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள், காய்ச்சலோ இருமலோ இல்லையென்றால் பொதுவாக அதற்கு இடமிருக்கும்.

நுவரெலியாவிலிருந்து: தனியார் வைத்தியசாலையில் பெருந்தொகை சொல்கிறார்கள். அரச வைத்தியசாலைகளில் இது இல்லையா? கமெரா முறை புதிது என்பதால் பயமாகவும் இருக்கிறது.

அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலையில் மார்பறைச் சத்திரசிகிச்சை நடைபெறுகிறது. கண்டி தேசிய வைத்தியசாலையில் இதய, மார்பறைச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கிலிருந்து கடிதத்தோடு போனால் வழி தெளிவாக இருக்கும். எந்த இடத்தில் உங்கள் கட்டிக்கு எந்த முறை பொருந்தும் என்பதை அங்குள்ள நிபுணர் ஸ்கேனைப் பார்த்துத்தான் சொல்வார். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம். ஆனால் சாதுவான நீர்க்கட்டிக்குக் காத்திருக்க நேரம் உண்டு. காணியை ஈடு வைத்து அவசரப்பட வேண்டிய நோய் இது அல்ல.

முறை புதிது என்கிறீர்கள். நெஞ்சுக்குள் குழலை விட்டுப் பார்ப்பது நூறு வருடங்களைத் தாண்டிய பழக்கம். சுவீடன் நாட்டு வைத்தியரான ஜகோபேயஸ் என்பவர் 1910ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். காசநோய்க்கு மருந்து மாத்திரைகள் வராத அந்தக் காலத்தில், நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைப்பதே ஒரு சிகிச்சையாக இருந்தது. அதற்குத் தடையாக நின்ற ஒட்டுகளை அந்தக் குழலின் வழியே பார்த்து அறுத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் சிறிய வீடியோ கமெராவும் அதற்கேற்ற கருவிகளும் வந்து சேர்ந்தபோது, அந்தப் பழைய வழியிலேயே பெரிய வேலைகளும் செய்யத் தொடங்கினார்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு கணவர்: மனைவிக்குச் சத்திரசிகிச்சை முடிந்து பத்து நாள். மீன், முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். எப்போது மறுபடியும் மலைக்குப் போகலாம்? மார்புக்குக் கீழே மரத்துப்போய் இருப்பதாகச் சொல்கிறார்.

பெரியவர்கள் மேல் மரியாதை வைத்துக்கொண்டே முட்டையைக் கொடுங்கள். பருப்பு, நெத்தலி, பால், கீரை எல்லாம் கொடுங்கள். காயம் ஆற வேண்டியது புரதத்தால். ரசமும் சோறும் மட்டும் கொடுத்தால் தையல்தான் தாமதிக்கும். மரத்துப்போதல், விலா எலும்புகளுக்கு இடையில் ஓடும் நரம்பு அழுத்தப்பட்டதால் வருவது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்லக் குறையும். வலிக்கிறதென்று மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கும். வைத்தியசாலையில் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்திருப்பார்கள். அதைப் பிள்ளைகள் விளையாடக் கொடுக்காமல், விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை அவரையே உறிஞ்சிப் பந்தை உயர்த்தச் சொல்லுங்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். சில வாரங்களுக்காவது அவரை விறகடுப்புப் புகையில் உட்கார வைக்காதீர்கள். சமையலை நீங்கள் செய்தால் என்ன?

வீட்டுக்குள் நடமாடுவது இப்போதே நல்லது. 18, 20 கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்குவது வேறு கதை. வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பாரம் தூக்க வேண்டாம் என்போம், அவருடைய காயத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் சத்திரசிகிச்சை செய்தவர். அதற்கான வைத்தியச் சான்றிதழைக் கேட்டு வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். காய்ச்சல், காயத்தில் சிவப்போ சீழோ கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் செல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள். ஓட்டோவில் ஏற்றி வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போக வேண்டாம்.

பொகவந்தலாவை வாசகர்: 3 சென்ரிமீற்றர் கட்டி, கவனித்துவருகிறார்கள். இம்முறை சிவனொளிபாதமலைக்கு ஏறலாமா? உயரத்தில் கட்டி வீங்கி வெடித்துவிடும் என்று நண்பர் சொல்கிறார்.

உயரம் கூடக் காற்றழுத்தம் குறைந்து விரிவது காற்று. உங்கள் கட்டிக்குள் இருப்பது நீர். 2,243 மீற்றர் உயரத்தில் அது விரியாது. எக்கோவில் அழுத்தம் இல்லை, படியேறினால் மூச்சு வாங்குவதும் இல்லை என்றால் தாராளமாக ஏறுங்கள். உங்கள் நண்பரின் எச்சரிக்கை வேறொருவருக்குப் பொருந்தும். அண்மையில் நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, நுரையீரலைச் சுற்றி இன்னும் காற்று மிச்சமிருப்பவர் விமானத்தில் ஏறக்கூடாது. எக்ஸ்ரேயில் காற்று முற்றாக நீங்கியது உறுதியான பிறகும் குறைந்தது ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்வது வழக்கம்.

இராகலையிலிருந்து: எடுத்த கட்டியை எங்களிடம் தரவில்லை. எங்கே போயிருக்கும்?

நோயியல் ஆய்வுகூடத்துக்கு. அதன் சுவரை மெல்லிய சீவல்களாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான், அது என்ன கட்டி என்று உறுதியாக எழுத முடியும். ஸ்கேன் சொன்னதெல்லாம் அதுவரை மதிப்பீடுதான். அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகலாம். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டோடு அது சேர்ந்து வருவதில்லை என்பதால் பலர் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். அடுத்த கிளினிக் நாளில் நீங்களே கேட்டு, ஒரு பிரதியைக் கொப்பியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.